ஷிப்ட் மாறும்போது அணையும் சர்வர்

அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்க்கும் நூற்பாலையில் வருகைப்பதிவு ஒரு லினக்ஸ் சர்வரில் ஓடுகிறது. சித்திரை மாதத்தில் அது மதிய ஷிப்ட் மாறும் நேரத்தில் மட்டும் தானாக அணையத் தொடங்கியது. நேரத்துக்கு விரல் பதியாவிட்டால் அரை ஷிப்ட் கூலி போய்விடும். வாசலில் வரிசை நீண்டது.

“ஏத்தா, ஒம் பொட்டிக்கு இன்னைக்கும் காய்ச்சலா?” என்றார் திருச்சுழி பஸ்ஸில் வரும் ஒரு அக்கா.

“சூடு ஏறிருச்சுன்னு காட்டுதுக்கா.”

“நாங்களுந்தான் உள்ள வேகுறோம். நின்னா போயிர்றோம்?”

வரிசை முழுக்கச் சிரிப்பு.

வெப்பநிலை எல்லை தாண்டினால் சர்வரை அணைக்க ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், உண்டு. எனக்கு முன்பு இருந்தவர் எழுதியது. பஞ்சு மில்லில் எது நின்றாலும் முதல் சந்தேகம் பஞ்சின் மேல்தான். ஃபிட்டர் ஏர் பைப்பை இழுத்துவந்து பெட்டிக்குள் ஊதினார். மறுநாளும் அணைந்தது. மறுபடி ஊதினோம். விசிறி சுத்தம், ஏசி ஓடுகிறது, உலோகத்தைத் தொட்டால் இளஞ்சூடுதான். ஆனால் ஸ்கிரிப்டின் பதிவில் இருந்த வெப்பநிலை எண்ணோ தண்ணீரையே கொதிக்க வைக்கும். கையை நம்புவதா, எண்ணை நம்புவதா?

லினக்ஸின் மையமான கெர்னல் எழுதிவைக்கும் பதிவுகளை முதலிலிருந்து படித்தேன். வெப்பத்தை அளக்கும் சென்சார் சிப்பின் முகவரியை, போர்டிலேயே பதிந்த மென்பொருளான ஃபர்ம்வேர் ஏற்கெனவே தன் பிடியில் வைத்திருக்கிறது என்று ஓர் எச்சரிக்கை. அப்படி மோதினால் லினக்ஸ் அந்தச் சிப்பைப் படிக்கும் தன் டிரைவரை ஏற்றாது. யாரோ, சர்வர் தொடங்கும்போது படிக்கும் பூட் வரியில் ‘மோதினாலும் பரவாயில்லை’ என்று ஒரு சலுகை சேர்த்து, வலுக்கட்டாயமாக ஏற்ற வைத்திருந்தார்கள். ஆக, ஒரே சிப்பை இருவர் படிக்கிறார்கள். சிப்புக்குள் அளவுகள் பக்கம் பக்கமாக இருக்கும்; டிரைவர் வெப்பநிலைப் பக்கத்தைத் திறந்து படிப்பதற்குள் ஃபர்ம்வேர் வேறு பக்கத்தைத் திருப்பினால், வேறெதோ எண் வெப்பநிலையாக வந்து நிற்கும்.

இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது, நிச்சயமில்லை. பூட் வரியிலிருந்து அந்தச் சலுகையை நீக்கினேன். அந்த டிரைவர் இனி ஏறாதபடி தடைப்பட்டியலில் போட்டேன். போர்டில் தனியாக இருக்கும் கண்காணிப்புச் சிப்பிடம் வெப்பநிலையைக் கேட்கும்படி ஸ்கிரிப்டை மாற்றினேன். அது காட்டிய எண் என் கையோடு ஒத்துப்போனது. ஆனால் ஷிப்ட் மாறும்போது மட்டும் ஏன்? அப்போது வேலைப்பளு கூடி ஃபர்ம்வேர் அடிக்கடி படிக்கிறதா? இன்றுவரை விளங்கவில்லை.

மறுநாள் மதியம் வாசலிலேயே நின்றேன்.

“இன்னைக்கு நிக்காதுல்ல?” என்றார் அந்த அக்கா.

“நிக்காதுன்னு நெனைக்கிறேங்க்கா.”

“நெனைக்கிறியா? படிச்ச புள்ள பேசுற பேச்சா இது!”

விரலை வைத்தார். பதிந்தது. அடுத்தவர் வைத்தார். கடைசி ஆள் உள்ளே போகும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.