போடாத ஜாக்கெட்

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில், லண்டனின் அப்டன் பார்க்கில் நான் துணி துவைக்கப் போகும் லாண்ட்ரெட்டில் அவரை ஞாயிறுகளில் பார்ப்பேன். நரைத்த மீசை, கழுத்தைச் சுற்றி மப்ளர். கொண்டுவருவது ஒரே ஒரு உடுப்பு. பெண்பிள்ளைகள் பனிச்சறுக்கப் போகும்போது போடும், தண்ணீர் புகாத ஊதா ஜாக்கெட். காய்ந்து வெளியே வந்ததும் அதன் கையில் நாலு துளி தண்ணீரைத் தெளித்து, உருண்டு விழுகிறதா என்று குனிந்து பார்ப்பார்.

ஒருநாள் துளிகள் உருளவில்லை. துணி குடித்துவிட்டது. அவர் பேயறைந்தவர்போல நின்றார்.

"அண்ணை, சொஃப்ட்னர் விட்டனீங்களோ? இதுக்கு அது விடக்கூடாது. தண்ணி உள்ளுக்கை இறங்கும்," என்றேன்.

"வாசமா இருக்கட்டும் எண்டு ஒவ்வொருமுறையும் விட்டனான்."

"மகளின்ரையோ?"

"ஓம். சனிக்கிழமையிலை கடையிலை நிண்டு உழைச்சு வாங்கினவள். பள்ளிக்கூடத்தாலை ஸ்கீயிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனவை. கைகால் முறிஞ்சால் ஆர் பாக்கிறது எண்டு நான் விடேல்லை."

அப்போதுதான் கவனித்தேன். ஜாக்கெட்டின் கக்கத்தடியில், விலைச்சீட்டு தொங்கிய பிளாஸ்டிக் நூல் இன்னும் அறுபடாமல் இருந்தது.

"ஒருக்காலும் போடாததை ஏன் அண்ணை தோய்க்கிறியள்?"

"அவள் இதைத் தொடுறாளில்லை. என்னோடை கதைக்கிறாளுமில்லை. அலுமாரிக்குள்ளை கிடந்தால் பூஞ்சணம் பிடிச்சிடும். அடுத்த வருசம் கேட்டால் உடனை எடுத்துக் குடுக்கவேணும்."

கடையில் ஸ்ப்ரே விற்கிறார்கள், அடித்தால் திரும்பவும் தண்ணீர் புகாது என்று சொன்னேன். அவர் நனைந்த இடத்தை மப்ளரால் ஒற்றியபடியே இருந்தார்.

"அவளுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ தம்பி," என்றார்.

அவர் மகளை நான் கண்டதேயில்லை.