தலைவலி மாத்திரையோடு ஒரு பாக்கெட்

மருந்துக் கடையில் நிற்கும் அந்தப் பெண்ணை எல்லோரும் மெடிக்கல் அக்கா என்பார்கள். பதினோரு வருடமாக அங்கே வேலை. ஆணுறை வாங்க வருகிறவனை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். மீசை முறுக்கியிருக்கும், வாய் மட்டும் திறக்காது. முதலில் தலைவலி மாத்திரை கேட்பான், பிறகு இருமல் மருந்து. அதற்குள் வேறு யாராவது கடைக்குள் நுழைந்தால் அவ்வளவுதான், வந்த வழியே போய்விடுவான்.

வெறுங்கையோடு போகிறவன் வீட்டுக்கு எந்த நோயைக் கொண்டு போவானோ என்று அவளுக்கு இருப்புக் கொள்ளாது. ஒருநாள் முதலாளியோடு சண்டை போட்டு, ஆணுறைப் பெட்டியை வாசலோரம் எடை பார்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வாய்விட்டுக் கேட்கவே வேண்டாம், எடுத்து மேசையில் வைத்தால் போதும். பெட்டி மளமளவென்று காலியானது.

"எல்லாருக்கும் திடீர்னு எடை மேல அக்கறை வந்துடுச்சு பாருங்க" என்று முதலாளியைச் சீண்டினாள்.

ஊர் ஆண்களின் கூச்சத்துக்கு வழி கண்டவளுக்குத் தன் வீட்டில் நா எழவில்லை. கட்டட வேலைக்கு வெளியூர் போன கணவன் பத்து மாதம் கழித்து ஒரு நாள் மதியம் வருகிறான். அன்று காலையிலிருந்தே அவளுக்கு வேலையில் கவனம் இல்லை. காய்ச்சல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மருந்தை எடுத்து வைத்தாள். ஆணுறை போடச் சொல்லிக் கேட்டால் சந்தேகம் என்பான். கேட்காமல் இருந்தால்? கேட்காமல் இருந்துவிட்டு, கணவனிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றிக்கொண்ட இரண்டு மனைவிமாரை அவளுக்குத் தெரியும்.

கடைசியில் அவளும் அந்த ஆண்களைப் போலத்தான் செய்தாள். ஒரு அட்டை தலைவலி மாத்திரை, அதோடு ஒரு பாக்கெட், ஒரே காகித உறையில்.

சாப்பிட்டு முடித்த கணவனிடம் நீட்டினாள். பிரித்துப் பார்த்தவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என்னது இது? என் மேல சந்தேகமா?"

"சந்தேகம் இல்லீங்க. பயம்."

"பத்து மாசம் நான் அங்க தனியா கிடந்தேன், தெரியுமா?"

"தெரியும். அதனாலதான்."

அவன் கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தினால் தேவலை என்றிருந்தது. அவனோ தலையைக் குனிந்துகொண்டு மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ரத்தம் குடுத்தா ரிசல்ட் எப்ப வரும்?"

கடையில் எத்தனையோ பேருக்கு மூச்சு விடாமல் சொன்ன பதில்தான்.  இப்போது அதைச் சொல்லப்போனால் அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"அன்னைக்கே சொல்லிடுவாங்க. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ பாக்கணும்" என்றாள். பிறகு எழுந்து அவனுடைய செருப்பை எடுத்து முன்னால் போட்டாள்.

"மாட்டுங்க. நானும் வர்றேன்."