தொரை சாமியிடம் பூக்கட்டிக் கேட்டது

சாமி மறுத்துவிட்டார் என்பதை இங்கிலாந்துக்கு எப்படி எழுதுவது? அன்று எனக்கு அதுதான் பிரச்சினை.

நான் அரியலூரில் சரித்திர டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு ஒத்துவரவில்லை. இந்தப் பக்கமாக வந்துபோன வெள்ளைக்கார ரெஜிமெண்டுகளின் சரித்திரத்தைத் தேடித் தொகுப்பதுதான் இப்போது என் வேலை. எந்தப் படை எந்த வழியாக நடந்தது, எங்கே கூடாரம் அடித்தது, யார் எங்கே செத்தார் என்று பார்க்க வேண்டும். கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சிப்பாய்களின் வாரிசுகள். ஏலாக்குறிச்சி மாதா திருவிழாவில் சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்தால், “இன்னும் செத்த வெள்ளைக்காரனத்தான் தேடிக்கிட்டிருக்கியா?” என்று விசாரிப்பார்கள். ஆமாம் என்பேன்.

அப்படி இங்கிலாந்திலிருந்து எழுதிக் கேட்டவர்தான் மார்கரெட் அம்மா, ஓய்வுபெற்ற நர்ஸ். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் ஒரு சார்ஜெண்ட். ரெஜிமெண்ட் திருச்சியிலிருந்து வடக்கே நடந்தபோது காலராவில் இறந்தவர். படையின் ஆள்கணக்குப் பதிவேடான மஸ்டர் ரோலில் அவர் பெயருக்கு எதிரே ‘வழியில் இறந்தார்’ என்று மட்டும் இருக்கிறது. எந்த ஊர் என்று இல்லை. மார்கரெட்டின் அம்மா கடைசிவரை தேடிவிட்டுக் கண்ணை மூடினாராம். மார்கரெட்டுக்கும் இப்போது உடம்பு சரியில்லை. விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். “அவர் எங்கே படுத்திருக்கிறார் என்று தெரிந்தால் போதும்” என்று எழுதியிருந்தார்.

படை போன பாதையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராக விசாரித்தேன். குன்னத்துக்கு அந்தப் பக்கம், மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே தொரை சாமி அகப்பட்டார். வேப்பமரத்தடியில் நட்ட ஒரு கல். அதற்குச் சுருட்டும் பிராந்தியும் அவித்த முட்டையும் படைக்கிறார்கள். கல்லுக்கு அடியில் புதைந்திருப்பவர் வெள்ளைக்காரர்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. ஆனால் எண்ணெயும் குங்குமமும் ஏறி ஏறிக் கல் தோசைக்கல் மாதிரி ஆகியிருந்தது. விரலால் தடவினால் எழுத்து தட்டுப்பட்டது, படிக்க முடியவில்லை.

“கொஞ்சம் தொடச்சுப் பாக்கலாமா?” என்று பூசாரி கலியமூர்த்தியிடம் கேட்டேன்.

“தொடச்சா பேரு தெரியும். பேரு தெரிஞ்சா தொல்லியல் ஆபீஸ்காரங்க வந்து நீலக் கலர்ல போர்டு வப்பாங்க. அப்பறம் கெடா வெட்ட விடுவாங்களா?”

“நான் எந்த ஆபீசுக்கும் சொல்ல மாட்டேன்.”

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க டீச்சர். அது அவரு மூஞ்சி. அவருகிட்டத்தான் கேக்கணும்.”

கேட்பது என்றால் பூக்கட்டிப் பார்ப்பது. ஓர் இலையில் வெள்ளைப் பூ, இன்னோர் இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டிக் கல்லுக்கு முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. வழக்கமாகச் சின்னப் பிள்ளையைத்தான் எடுக்கச் சொல்வார்கள். அன்று பள்ளிக்கூட நாள். அதனால் என்னையே எடுக்கச் சொன்னார். நான் கத்தோலிக்கக் குடும்பம், உள்ளே இருப்பவர் அநேகமாகப் புராட்டஸ்டண்ட் என்று விளக்கினேன்.

“அதெல்லாம் அவரு பாக்க மாட்டாருங்க” என்றார்.

எடுத்தேன். செவ்வரளி.

எனக்குக் கோபம் வந்தது. ஆள் இல்லாத நேரமாக வந்து துடைத்துப் பார்த்துவிட்டுப் போய்விடலாமா என்றும் தோன்றியது. என் தொழிலில் அது புதிதல்ல. ஆனாலும் மனசு வராமல் வீட்டுக்குப் போய், “இறந்தவர் அனுமதி தரவில்லை” என்று மார்கரெட்டுக்கு எழுதினேன். இதற்குமேல் எனக்கு வேலை தரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

பதில் ஒரே வரியில் வந்தது. “யார் கேட்பதாக அவரிடம் சொன்னீர்கள்?”

மறுபடி போய்க் கலியமூர்த்தியிடம் அதைத் தமிழில் சொன்னேன்.

“அந்தம்மா கேக்குறது ஞாயந்தானே?” என்றார். “நீங்க பாட்டுக்கு வந்தீங்க, பூவ எடுத்தீங்க. யாரு, எந்த ஊரு, என்னா வேணும்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?”

சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால் போட்டு, போனைக் கல்லுக்கு எதிரே நிறுத்தினோம். மார்கரெட் தலைவாரி, நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன் பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். அம்மாவின் பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு பொட்டலத்தை எடுத்தேன். நந்தியாவட்டை.

பூசாரியே வெந்நீரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்தார். எழுத்து ஒவ்வொன்றாக மேலே வந்தது. ரெஜிமெண்டின் எண் சரி. ஆனால் சார்ஜெண்ட் இல்லை, சாதாரணச் சிப்பாய். பெயர் வேறு. நான் இவ்வளவு மெதுவாக ஒரு பெயரைப் படித்ததே இல்லை.

மார்கரெட் திரைக்கு அருகே குனிந்து கல்லைப் பார்த்தார். பிறகு, “இவரைத் தேடி யாராவது வந்தார்களா?” என்று கேட்டார். பூசாரியிடம் கேட்டேன்.

“சுருட்டு வருது, முட்ட வருது. அவரு ஊர்லேருந்து ஆளுன்னு யாரும் வந்ததில்ல.”

“இவரு அந்தம்மா தேடுற ஆளு இல்ல. அப்பறம் எதுக்கு வெள்ளப் பூ குடுத்தாரு?” என்றேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன்.

கலியமூர்த்தி கல்லில் புதுக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். “அவரு ஊருலேருந்து வந்து பேசுன மொத ஆளு டீச்சர். வேணாம்னா சொல்லுவாரு?”

மொழிபெயர்த்தேன். மார்கரெட் சிரித்தார், பிறகு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இன்றைய சுருட்டைத் தன் பெயரில் வைக்கச் சொன்னார். பூசாரி பற்ற வைத்தார்.

சார்ஜெண்ட் இன்னும் கிடைக்கவில்லை. பெரம்பலூர் தாண்டித் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, மேப் படிக்கவும் மஸ்டர் ரோல் படிக்கவும் எங்கே வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். கல்லுக்கு முன்னால் போனால் மட்டும், கேள்வி கேட்பதற்கு முன்பு நீங்கள் யாரென்று சொல்லிவிடுங்கள். நான் இப்போது கேமராவை எடுப்பதற்கு முன்பு சத்தமாகவே சொல்கிறேன்: “நான் டீச்சருங்க, அரியலூரு. மார்கரெட் அம்மாவுக்காக வந்திருக்கேன்.”