சைவக்காரன் விற்ற சால்மன் இரை

சால்மன் பிடிக்கிற சாமான் விற்பது பயந்தவனுக்கு ஏற்ற தொழில் அல்ல. வாங்குகிறவர் தன்னுடைய ஒரு கிழமை லீவை உங்கள் வாயை நம்பித்தான் ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுபோகிறார். பெற்றோல் ஷெட்டிலும் கோழிக் கடையிலும் நின்று, தெரியாததைத் தெரிந்த மாதிரித் தலையாட்டிப் பிழைத்தவர்களே, உங்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

எண்பதுகளின் கடைசியில் லண்டனுக்கு வந்தவன் நான். ஈஸ்ட் ஹாமில் குகன் அண்ணையோடு ஓர் அறையில் இருந்தேன். மனைவி மலர் யாழ்ப்பாணத்தில். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால், நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி கடிதம் தர வேண்டும். வேலை போனால் கடிதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் மலர் இல்லை. இனிச் சொல்லப்போகிற எல்லாவற்றையும் அந்தப் பயத்தோடு சேர்த்தே வாசியுங்கள்.

நாலு பக்கமும் கடல்

குட்மேய்ஸ் பக்கம் இருந்த தூண்டில் கடையின் முதலாளி பெயர் டெரிக். பேசியதெல்லாம் ஆங்கிலம்தான், எனக்குக் காதில் விழுந்த தமிழில் தருகிறேன். எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். உள்ளே போய் ஒரு பழைய அட்லஸை எடுத்து வந்து, விரலை வைத்துத் தேடினார். கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

நான் பிறந்தது இணுவிலில். வீட்டுக்குள் முட்டைகூட வந்ததில்லை. கடலைப் பார்த்ததெல்லாம் கீரிமலையில், அதுவும் செத்தவீட்டுக் காரியங்களுக்குப் போன இடத்தில். "மீன் பிடிச்சுப் பழக்கமோ?" என்று அவர் கேட்டபோது "ஓம்" என்ற சொல் என்னைக் கேளாமலே வெளியே வந்துவிட்டது. ஏழு மாதம் வேலையில்லாமல் இருந்தவனுக்கு வேறென்ன வரும்? டெரிக் அட்லஸை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "சுத்திவரக் கடல்! உமக்கு நான் என்னத்தைச் சொல்லித் தாறது?"

தண்ணீரின் நிறம்

உண்மையாகவே அவர் ஒன்றும் சொல்லித் தரவில்லை. வந்தவர்களுக்கு அவர் சொன்னதை ஒட்டுக்கேட்டு, சிகரெட் பெட்டி மட்டையில் எழுதி வைத்துக்கொண்டேன். ஆறு பெருகிக் குளிராக ஓடினால், அடியில் போகக்கூடிய பாரமான ஸ்பூன். ஸ்பூன் என்றால் கரண்டி அல்ல, தண்ணீருக்குள் மினுங்கிச் சுழலும் தகடு. மழைக்குப் பிறகு கலங்கித் தெளிகிற தண்ணீருக்குப் புழு. தெளிந்து வற்றிய தண்ணீருக்கு இறகு கட்டிய சின்ன ஃபிளை. எதற்குமே அசையாத மீனுக்குக் கடைசி ஆயுதம், ஊதாச் சாயம் போட்ட இறால்.

ஆக, எல்லாம் தண்ணீரின் நிறத்தில் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டேன். டெரிக் மதியம் வெளியே போன நேரம் பார்த்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். அடுத்த கிழமை ஆற்றுக்குப் போகிறாராம், என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டார். மட்டை உள்ளே கோட்டுப் பையில் இருந்தது. தெரிந்த ஒரே கேள்வியை டொக்டர் மாதிரிக் கேட்டேன்: "தண்ணி என்ன நிறம்?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, அது ஸ்கொட்லாந்திலை இருக்கு. நான் உம்மடை கடையிலை நிக்கிறன்."

ஊதா விரல்கள்

புழுப் பெட்டி குளிர்சாதனப் பெட்டியில், ரீக்கு ஊற்றும் பாலுக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் அந்தக் கடையில் நான் பால் விடாத பிளேன் ரீக்காரன் ஆனேன். புழுவுக்குக் கையுறை போட்டேன். இறாலுக்கும் போட்டேன், ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை கையுறை கிழிந்தது எனக்குத் தெரியாது. சாயம் பிடித்த ஐந்து விரல்களோடு பின்னேரம் கோயிலுக்குப் போனேன். எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. வலது கை வேறு.

விபூதிக்குக் கையை நீட்டாமல் இருக்க முடியுமா? நீட்டினேன். பக்கத்தில் நின்ற அம்மா ஒருவர் கையையே பார்த்தார். "என்ன வேலை தம்பி?" என்றார். "சாயம் போடுற இடம் அம்மா" என்றேன். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. அவர் மனம் குளிர்ந்து சொன்னார்: "நல்லது ராசா. ஒரு உயிருக்கும் தீங்கில்லாத வேலை."

வேலைக் கடிதம்

அதே மாதிரி ஒரு பொய்யை மலருக்கும் எழுதியிருந்தேன். மாமா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கோயில் நிர்வாகி. மருமகன் புழு விற்கிறான் என்று எப்படி எழுதுவது? "விளையாட்டுச் சாமான் கடை" என்று எழுதினேன். கிரிக்கெட் மட்டையும் இருக்குமோ என்று மலர் கேட்டு எழுதினாள். இருக்கும் என்று பதில் போட்டேன்.

டெரிக் கேட்டவுடனேயே கடிதம் தந்தார். உறையை ஒட்டியே தந்ததால் அப்படியே மற்றப் பத்திரங்களோடு விசா அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். கடையில் வைத்திருந்த பிரதியைப் பிறகுதான் வாசித்தேன். சால்மன் இரைக்கும் தூண்டில் கட்டுக்கும் நானே பொறுப்பாம். புழுக்களையும் இறாலையும் என்னைப்போல் பராமரிக்கிறவன் இந்த நகரத்தில் இல்லையாம். மலருக்குக் கொழும்பில் விசா நேர்முகம். எட்டு நாள்தான் இருந்தது. அங்கே கேட்கிற முதல் கேள்வியே உன் புருஷனுக்கு என்ன வேலை என்பதுதான். கடிதத்தின் பிரதியைக் குகன் அண்ணை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்: "நேர்முகத்திலை புருஷன் வீட்டுத் திரைச்சீலை நிறத்தை மாத்திச் சொன்னதுக்கே ஒரு பிள்ளையைத் திருப்பி விட்டவங்கள் தம்பி. உன்ரை கிரிக்கெட் மட்டை புழுவா மாறியெல்லோ நிக்குது!"

ரெலிபோனில் பாடம்

தபால் போய்ச்சேர மூன்று கிழமை எடுக்கும். மலர் அதற்குள் கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தாள். டெரிக்கிடம் கேட்டுக் கடைப் போனில் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "புழுவைக் கையாலையோ எடுக்கிறனீங்கள்?" என்றாள். கையுறை போட்டுத்தான் என்றேன். பெருமூச்சு விட்டாள். பிறகு, கணக்கு ரீச்சர் அல்லவா, கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஸ்பூன், புழு, ஃபிளை, இறால் என்று தண்ணீரின் நிறத்தோடு சேர்த்து நான் சொல்லச் சொல்ல எழுதி, திருப்பி ஒப்புவித்தாள். பக்கத்தில் நின்று ஸ்பூன், ஃபிளை என்ற சொற்களை மட்டும் விளங்கிக்கொண்ட டெரிக், கடலை விட்டு ஆற்றுக்கு ஏறிய சால்மன் முட்டை போடும் வரைக்கும் ஒன்றும் சாப்பிடாது, ஏன் இரையைக் கொத்துகிறது என்று ஒருவருக்கும் தெரியாது, அதையும் சொல்லும் என்றார். சொன்னேன்.

போனை வைத்ததும் என்ன விஷயம் என்று கேட்டார். இனி மறைத்து என்ன? மீன் பிடித்ததில்லை, தின்றதும் இல்லை, தூண்டிலில் நான் போடுகிற முடிச்சுக்கூடக் கோயிலுக்குப் பூமாலை கட்டிய முடிச்சு என்று கொட்டிவிட்டுக் கோட்டை எடுத்தேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். கடிதத்தைத் திருப்பி வாங்கிவிடுவாரோ என்றதுதான் பெரிய பயம். அவர் கோட்டைப் பிடுங்கித் திரும்பக் கொக்கியில் கொளுவினார். "மூண்டாம் நாளே தெரியும். மீன்பிடிக்காரன் ஒருத்தனும் அப்பிடி முடிச்சுப் போடமாட்டான். ஆனால் இதுவரைக்கும் ஒண்டும் அவிழ்ந்து திரும்பி வரேல்லை."

வியாழக்கிழமை

நேர்முகத்துக்கு முதல் நாள் நான் கடையில் இருந்தேன், அவ்வளவுதான். புழுக் கேட்டவருக்கு ஃபிளையைச் சுற்றிக் கொடுத்தேன். தொப்பி போட்ட கிழவர் ஒருவர் எந்த இரை நல்லது என்று கேட்டார். மட்டையில் எழுதியது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "தெரியாது சேர்" என்றேன். கிழவர் தொப்பியைக் கழற்றினார். "முப்பது வருஷமாய்க் கடை கடையாய்க் கேக்கிறன், உண்மை சொன்ன முதல் ஆள் நீர்தான்."

கொழும்பில் கேட்ட கேள்வி

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைப் போன் அடித்தது. டெரிக் எடுத்து என்னிடம் நீட்டினார். மலர்தான். நடந்ததை ஒழுங்காகச் சொன்னாள். புருஷனின் வேலை என்ன என்று கேட்டதற்கு எல்லாம் சரியாக ஒப்புவித்திருக்கிறாள். இரண்டாவது கேள்வி, லண்டனுக்குப் போனால் அவருக்கு என்ன சமைத்துக் கொடுப்பாய் என்பது. இதற்கு நான் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லையே! கத்தரிக்காய், பருப்பு, முருங்கைக்காய், அவர் சுத்த சைவம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். அதிகாரி பேனையைக் கீழே வைத்துவிட்டாராம். புழுவுக்கும் இறாலுக்கும் பொறுப்பான ஆள் சைவமா, இரண்டில் ஒன்று பொய் என்றாராம். கடைசியில் உண்மையே எங்களை மாட்டிவிட்டதே என்று நினைத்தேன்.

"நீர் என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன். மொழிபெயர்த்தவர் முதலில் தயங்கினாராம், இவள் விடவில்லையாம். அதிகாரி கேட்டுவிட்டு முத்திரை குத்தினாராம். இவள் சொன்னது இதுதான்: "அந்த மீன் தன்ரை சோடியிட்டைப் போய்ச்சேருமட்டும் ஒண்டும் சாப்பிடாதாம் சேர். நானும் இண்டைக்கு விடிஞ்சதிலையிருந்து பச்சைத்தண்ணி குடிக்கேல்லை."

எட்டு வருஷம் அந்தக் கவுண்டரில் நின்றேன். எந்தத் தண்ணீருக்கு எந்த இரை என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், மீன் கொத்துமா என்பதை மட்டும் மலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.