கிரீஸ் அண்ணனின் வலது முட்டி

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, ஒரு ஷூவைக் கவிழ்த்து வைத்து, அதன் அடியில் இருந்த பிளாஸ்டிக் துண்டை இரண்டு எம்.எம். பின்னால் தள்ளப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். பெடலைக் கவ்விப் பிடிக்கிற துண்டு அது. மூன்று திருகு. மூன்றையும் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் வழுக்கும். ஒன்றை இறுக்கினால் கோணிக்கொள்ளும். இடது கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு வலது கையால் ஆறுமூலை ஆலன் கீயைத் திருப்பினார். ஸ்கேலைப் பல்லில் கடித்திருந்தார். பத்து வாரத்தில் இந்தத் துண்டை அவர் நகர்த்துவது இது ஏழாவது தடவை.

காரணம் வலது முட்டி. முன்பக்கம், சில்லுக்குக் கீழே, ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்கு வலி. வீட்டை விட்டுக் கிளம்பும்போது இருக்காது. முப்பதாவது கிலோமீட்டரில் சொல்லி வைத்தாற்போல் வரும். அன்று காலையிலும் வந்தது. நாற்பதோடு நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டி. நீந்திக் கரையேறி, ஈரம் காய்வதற்குள் தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, இறங்கியதும் இருபத்தோரு கிலோமீட்டர் ஓட வேண்டும். இரண்டு வருடமாக அதற்குத்தான் உடம்பைத் தயார் செய்திருந்தார்.

அவர் மனைவி எலும்பு வார்டில் நர்ஸ். ட்யூட்டி முடிந்து உள்ளே வந்தவர் பையைக் கீழே வைக்கவில்லை.

"மறுபடியும் ஷூவா?"

"ஷூ இல்ல. அடியில இருக்கற துண்டு."

"எதுவா இருந்தா என்ன, சோறு திங்கற மேசை."

"பேப்பர் போட்டிருக்கேன்ல."

"இன்னைக்கு எத்தனையாவதுல வந்துச்சு?"

"முப்பத்தி ஒண்ணு."

"ஒண்ணு கூடியிருக்கு. பெரிய முன்னேற்றம்தான்." ஃபிரிட்ஜிலிருந்து ஐஸ் பையை எடுத்து, துணியைச் சுற்றி அவர் முட்டியில் வைத்துக் கட்டினார். "நான் சொன்னது ஞாபகம் இருக்கா? நாளைக்கு ஒரு தடவை பாருங்க. நாளைக்கும் வலிச்சா பேரை எடுத்துடுங்க. நாப்பத்தொம்பது வயசு. தேயற வயசுதான். மூணு மாசம் ரெஸ்ட். போட்டி வருஷா வருஷம் வரும், முட்டி வராது."

அவர் மறுபடி ஆலன் கீயை எடுத்தார். போட்டி மட்டும் என்றால் விட்டுத் தொலைத்திருப்பார். அவர் பிழைப்பே முட்டி போட்டு உட்காருவதுதான். ஆஸ்பத்திரியில் கட்டில், ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி எல்லாம் அவர் பொறுப்பு. முந்நூறுக்கு மேல் கட்டில்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு சக்கரம். எந்த வார்டில் எது கிறீச்சிட்டாலும் போன் வரும், அவர் கிரீஸ் டப்பாவோடு போவார், கட்டிலுக்கு அடியில் நுழைவார், சத்தம் நின்றுவிடும். கிரீஸ் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். டீனுக்கே அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். இந்த வாரம் ஒன்பதாம் நம்பர் கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்திருக்க, கட்டிலில் படுத்திருந்த நோயாளி கை கொடுக்க வேண்டியிருந்தது. அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. வார்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்கள்.

சைக்கிள் அவரிடம் வந்தது ஒரு மயக்க மருந்து டாக்டரிடமிருந்து. வேறு ஊருக்குப் போன டாக்டர், இரண்டு போட்டிக்கு ஓட்டிவிட்டு மூலையில் வைத்திருந்ததை இவருக்குத் தள்ளிவிட்டார். கறுப்பு நிறம், முழுக்கக் கார்பன். கைப்பிடிக்கு நடுவே முழங்கையை ஊன்றிக்கொள்ள இரண்டு மெத்தை. அதில் குனிந்து படுத்தால் காற்று தலைக்கு மேலே போய்விடும் என்றார்கள், போகத்தான் செய்தது. ஆனால் அந்த வண்டியில் எதுவும் நேர்வழியில் இல்லை. கியர் கேபிள் குழாய்க்குள் ஓடும், மாற்ற அரை நாள் ஆகும். பின்சக்கரத்து பிரேக் அடிவயிற்றில் ஒளிந்திருக்கும். டியூபின் வால்வுக்குத் தனி நீட்டுக் குழல் வேண்டும். சீட்டைத் தாங்குகிற போஸ்ட் உருண்டை கிடையாது, மீனின் முதுகு மாதிரித் தட்டை. அதை இறுக்குகிற போல்ட் ஒரு ரப்பர் மூடிக்குக் கீழே பதுங்கியிருக்கும். இருபத்தாறு வருடம் கட்டில் பார்த்தவர். பார்த்த மாத்திரத்தில் எங்கே திருக வேண்டும் என்று சொல்லக்கூடியவர். இந்த வண்டி அவரை ஒவ்வொரு வாரமும் அசடு வழிய வைத்தது.

உடம்புக்கேற்ப வண்டியைப் பொருத்திக் கொடுத்தவர் சைக்கிள் கடைக்காரர். இரண்டு மணி நேரம் மிதிக்க விட்டு, முட்டியில் ஸ்டிக்கர் ஒட்டி, படம் பிடித்து, கடைசியில் ஒரு அட்டையில் அளவுகளை எழுதிக் கொடுத்தார். பெடல் சுழலும் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை எழுநூற்று நாற்பத்திரண்டு எம்.எம். அட்டையை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்தார். மூன்று மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. அதற்குப் பிறகுதான் வலி.

வலி வந்தவுடன் அவர் சும்மா இருக்கவில்லை. சும்மா இருந்திருந்தால் தேவலை. முதலில் அடித்துண்டை நகர்த்தினார். அது இடுப்பைப் பிடித்தது. இடுப்புக்காக சீட்டை முன்னால் தள்ளினார். உடம்பு குறுகிப்போனது போல் இருந்ததால், கைப்பிடிக்கு அடியில் இருந்த வளையங்களில் இரண்டை எடுத்துக் கைப்பிடியை இறக்கினார். கழுத்து பிடித்துக்கொண்டது. கழுத்துக்காக முழங்கை மெத்தைகளின் இடைவெளியை விரித்தார். மெத்தை விரிந்ததும் தோள் எரிந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு வலியைச் சரி செய்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு வலியோடு வந்தார். முட்டி வலி மட்டும் வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரன் மாதிரி இடத்தை விட்டு நகரவில்லை.

நாலு மணிக்கு மச்சினன் வந்தான். கூரியர் வேன் ஓட்டுபவன். ஹாலின் மூலையில் ஸ்டாண்டில் தொங்கிய சைக்கிளையும் அதன் மேல் போர்த்தியிருந்த துணியையும் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டான்.

"அக்கா, இது சைக்கிளா, ஐ.சி.யு. பேஷண்ட்டா? எப்ப வந்தாலும் தொங்கிட்டே இருக்கு. பார்வையாளர் நேரம் எப்போ?"

"உன் வேனை நீ ஒரு நாளாவது தொடச்சிருக்கியா?" என்றார் கிரீஸ் அண்ணன்.

"அது ஓடுது மாமா. ஓடற வண்டிய யாரு தொடைப்பா?"

"நீ போய் உக்காரு."

"எங்க உக்கார? நாற்காலி பூரா டயர்." தூக்கிக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தான். "கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. ஒரு ஆள் வாங்க ரெடியா இருக்கான். வித்துட்டு முட்டிய மிச்சம் புடிங்க. அக்காவும் அதைத்தான் சொல்லுது."

"நான் பேரை எடுக்கத்தான் சொன்னேன். விக்கச் சொல்லல" என்றார் மனைவி.

"ரெண்டும் ஒண்ணுதானேக்கா."

இரண்டும் ஒன்றுதான் என்று கிரீஸ் அண்ணனுக்கும் தெரியும். அதனால்தான் எரிச்சல். ஷூவை ஓரமாக வைத்துவிட்டு, சீட்டுக்கு அடியில் தொங்கும் சின்னப் பையைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார். பஞ்சர் சாமான் வைக்கிற பை. அடிப்பக்கம் ஓட்டை விழுந்திருந்தது.

"இதை மட்டும் தெச்சுக் குடு. நாளைக்கு வேணும்."

மனைவி வாங்கித் திருப்பிப் பார்த்தார். "போன மாசம்தானே ஒட்டுப் போட்டேன். அதுக்கு முன்னாடியும் ஒரு தடவை."

"வார் தளர்ந்துடுது. டயர்ல உரசுது. நானும் இறுக்கித்தான் பாக்கறேன்."

மனைவி ஊசியில் நூல் கோத்தார். தைக்கத் தொடங்கியவர் நிறுத்தினார். ஒட்டுத் துணியை விரலால் தடவினார். பிறகு எழுந்து சைக்கிள் அருகே போய்ப் பையை அது தொங்கும் இடத்தில் பிடித்துப் பார்த்தார். வாரை முழுக்க இழுத்தும் பையின் அடி டயரைத் தொட்டது.

"வாங்கினப்ப இதுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இடம் இருந்துச்சா?"

"ஒரு விரல் தாராளமா போகும்."

"இப்ப பேப்பர் போகல. பை ஒண்ணும் வளரலையே. டயரும் வளராது."

"என்ன சொல்ற?"

"சீட்டு கீழ வந்திருக்குங்க."

"வராது" என்றார் கிரீஸ் அண்ணன். "வாரா வாரம் அந்த போல்ட்டை நான்தான் டைட் பண்றேன். என் கை டைட் பண்ணது இறங்காது."

"அளந்தீங்களா?"

"எதுக்கு அளக்கணும்?"

மச்சினன் வாயைத் திறந்தான். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

அளந்தார். மனைவியின் வாயை அடைப்பதற்காகத்தான் அளந்தார். டேப்பின் நுனியை மச்சினன் அச்சில் பிடித்துக்கொண்டான். எழுநூற்று இருபத்தொன்று. மச்சினனைத் திட்டிவிட்டு, இடம் மாற்றிக்கொண்டு மறுபடி அளந்தார். எழுநூற்று இருபத்தொன்று.

"வார்டுல வாக்கரோட பின் ஒரு ஓட்டை கீழ விழுந்தாலே பேஷண்ட் முட்டி வலிக்குதுன்னுவாங்க" என்றார் மனைவி. "இது எத்தனை ஓட்டை? எனக்கும் தோணலை பாருங்க. வயசு, தேய்மானம்னு நானும் பத்து வாரமா ஐஸ் வெச்சுட்டிருக்கேன்."

கிரீஸ் அண்ணன் கடைக்காரருக்குப் போன் போட்டார். மற்ற இருவரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார். கடைக்காரர்தான் தப்பு செய்திருப்பார் என்ற நம்பிக்கையில்.

"சீட்டு இருபத்தோரு எம்.எம். இறங்கியிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா."

"போஸ்ட்டுல என்ன தடவினீங்கண்ணே?"

"கிரீஸ். மூணாம் மாசம் மிதிக்க மிதிக்க கிறீச்சுனு சத்தம். கழட்டி நல்லாத் தடவிப் போட்டேன். சத்தம் நின்னுடுச்சு."

"நான் ஒரு டியூப் பேஸ்ட் குடுத்தேனே. கழட்டினா இதைத் தடவுங்கன்னு."

"அதுவா? அது கெட்டுப்போயிருந்துச்சு. கையில தேச்சா மண்ணு கலந்த மாதிரி நறநறன்னு. தூக்கிப் போட்டுட்டேன்."

"நறநறன்னுதாண்ணே இருக்கணும். கார்பனைப் புடிச்சு நிறுத்தறதே அந்த மண்ணுதான். கிரீஸ் தடவினா வழுக்கிட்டுத்தான் வரும். ஒரு வாரத்துக்கு ரெண்டு எம்.எம்., உக்காந்தா தெரியாது. சரி, போல்ட்டை இறுக்கற அளவு காட்டுமே, அந்த டார்க் ரெஞ்ச் வெச்சுத்தானே இறுக்கினீங்க?"

"கைக்குத் தெரியும்."

"கட்டில் போல்ட் அளவுக்கா?"

கிரீஸ் அண்ணன் ரப்பர் மூடியை எடுத்துவிட்டுப் போல்ட்டைத் தடவிப் பார்த்தார்.

"வெளிய எடுங்க. ஸ்பிரிட்ல தொடச்சு, போல்ட் அழுத்தற இடத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க. கோடு தட்டுப்பட்டா அதுல ஏறாதீங்க. உடைஞ்சா உக்கார்ற இடத்துலதான் குத்தும்."

போஸ்ட்டை உருவினார். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, வெண்ணெயில் செருகின கத்தி மாதிரி வந்தது. மனைவி ஸ்பிரிட்டும் பஞ்சும் கொண்டுவந்தார். துடைக்கத் துடைக்கப் பஞ்சு கறுத்தது. நோயாளியின் கண்ணில் அடித்துப் பார்க்கும் சின்ன டார்ச்சை மனைவி பிடிக்க, அவர் நகத்தை ஓட்டினார். ஒன்றும் இல்லை. "தள்ளுங்க, உங்க விரல் காய்ச்சுப்போச்சு" என்று மனைவி தன் நகத்தை ஓட்டினார். ஒரு இடத்தில் நின்றது.

"இருக்கு. ஹேர்லைன் விரிசல்."

"கட்டு போட்டா சேருமா?"

"இதுக்குக் கட்டு கிடையாது."

அந்த மாடலுக்கு அந்த ஒரு போஸ்ட்தான் பொருந்தும். வெளிநாட்டிலிருந்து வர மூன்று வாரம் என்றார் கடைக்காரர். போட்டிக்கு எட்டு நாள். கிரீஸ் அண்ணன் போனை வைத்துவிட்டு, துடைத்த போஸ்ட்டை இன்னொரு முறை துடைத்தார். யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. டாக்டர் மேல் முடியாது. கடைக்காரர் பேஸ்ட்டும் கொடுத்து, சொல்லியும் அனுப்பியிருக்கிறார். ஆலன் கீயைப் பெட்டிக்குள் எறிந்தார். அது குறி தவறி ஹாலின் ஓரத்தில் கிடந்த கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"மாமா, நான் எடுக்கறேன். நீங்க குனியாதீங்க" என்றான் மச்சினன். கேலியில்லாமல்தான் சொன்னான். அது இன்னும் கடுப்பாக இருந்தது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, ட்யூட்டிக்குப் போகும் இரும்பு சைக்கிளை வாசலில் நிறுத்தி, அந்தக் கறுப்பு வண்டியின் பெடல்களைக் கழற்றி இதில் மாட்டினார். சீட்டை எழுநூற்று நாற்பத்திரண்டுக்கு உயர்த்தினார். இரும்புக்குள் இரும்பு, இதற்குக் கிரீஸ் சரிதான், தடவினார். ஷூவின் அடித்துண்டைக் கடைக்காரர் வைத்த பழைய தழும்புக்கே கொண்டுபோனார். போல்ட்டை இறுக்கினார். நடுவில் ஒரு தடவை நிறுத்திக் கையைப் பார்த்தார். பிறகு இன்னும் கால் சுற்று மட்டும் திருகினார்.

வண்டி கனம். நிமிர்ந்து உட்கார்ந்தால் எதிர்காற்று முழுக்க நெஞ்சில் மோதியது. கறுப்பு வண்டியில் ஒன்றே கால் மணி நேரத்தில் முடிக்கிற நாற்பது கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் ஆயிற்று. பிருஷ்டம் வலித்தது, முதுகு வலித்தது. முப்பதாவது கிலோமீட்டரில் முட்டி வலிக்காகக் காத்திருந்தார். முப்பத்தொன்று போனது. முப்பத்தைந்து போனது. வரவில்லை.

வாசலில் மனைவி ட்யூட்டி உடையில் நின்றிருந்தார். இறங்கச் சொல்லி, படியில் உட்கார வைத்து, வார்டில் செய்வது போல இரண்டு உள்ளங்கையையும் முட்டியின் இருபுறமும் வைத்து அழுத்தினார். மடக்கினார், நீட்டினார்.

"சூடு இல்ல. வீக்கம் இல்ல. வலிக்குதா?"

"இல்ல."

"அப்ப முட்டிக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப அந்தப் பத்து வாரம்?"

"போச்சு." மனைவி கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த ஞாயித்துக்கிழமை இதுலயா போவீங்க? எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாப்பாங்க."

"கடைசியா வர்றவனை யாரு திரும்பிப் பாக்க முடியும்? எல்லாரும் முன்னாடி இல்ல போயிருப்பாங்க."

மனைவி சிரிக்காமல் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். கிரீஸ் அண்ணன் வேர்வையைக்கூடத் துடைக்காமல் உள்ளே போய் டேப்பை எடுத்துவந்து, வாசலில் குந்தி உட்கார்ந்து சீட்டை அளந்தார். எழுநூற்று நாற்பத்திரண்டு. சீட் கம்பி உள்ளே நுழையும் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்திரியை ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டினார், ஒரு எம்.எம். இறங்கினாலும் கண்ணில் படட்டும் என்று. கடைக்காரருக்குப் போன் செய்து புது போஸ்ட்டும், ஒரு டியூப் பேஸ்ட்டும், ஒரு டார்க் ரெஞ்சும் அனுப்பச் சொன்னார். அப்புறம்தான் ஷூவைக் கழற்றினார்.