பூவாயியின் மீன் பலகை

கால் பெருவிரலால் ஒரு மிதி மிதிக்கிறார் பூவாயி. பலகையின் ஓரத்தில் பொருத்தியிருக்கும் சைக்கிள் கேரியர் கிளிப் வாயைத் திறக்கிறது. இடது கையால் சங்கரா மீனின் வாலை அதற்குள் தள்ளிவிட்டுக் காலை எடுத்ததும் டப்பென்று மூடிக்கொள்கிறது. "புடிச்சிக்க" என்று கிளிப்பிடம் சொல்லிவிட்டு, அதே கையால் கத்தியை எடுத்துச் செதிலைத் தேய்க்கிறார். ஒவ்வொரு மீனுக்கும் இதைச் சொல்வார். தங்களிடம்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பையை வாங்கக் கையை நீட்டுகிறவர்களும் உண்டு.

பெரிய மார்க்கெட்டில் மீன் வெட்டித் தரும் பெண்களின் வரிசையில் கடைசி ஆள் அவர். ஐம்பதைத் தாண்டிய வயது. கன்னத்தில் எப்போதும் ஒரு செதில் ஒட்டியிருக்கும். பேரம் பேச மாட்டார். "இன்னா கொழம்பா, வறுவலா?" என்பதைத் தவிர வாங்க வந்தவர்களிடம் கேட்பதற்கு அவருக்கு ஒன்றும் இல்லை.

போன வருடம் மாசியில், கொடுவா ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தபோது அவருடைய வலது கை அரிவாள்மனையிலிருந்து நழுவி மடியில் விழுந்தது. "யாரோ எம்மேல கைய போட்டாப்ல இருந்துச்சி. திரும்பிப் பாத்தா எங்கையி" என்று அதைச் சொல்வார். பக்கவாதம். கால் பிழைத்துக்கொண்டது, பேச்சும் திரும்பியது. கை மட்டும் வரவில்லை.

மகள் சரிதா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். காலையில் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் வருவாள். "இவ்ளோ நாளு வெட்டுனது போதும்மா, ஊட்ல இரு" என்றாள். பூவாயியும் இருந்து பார்த்தார். "காலையிலேர்ந்து ஃபேன பாத்துக்கினு கெடப்பேன். அது சுத்துறத பாத்தா அதுக்காவது ஒரு வேல இருக்குதேன்னு கோவம் வரும்."

அப்படி ஒரு நாள் மாடியில் மகளின் யூனிஃபாரத்தைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கடல் காற்று. துணிக் கிளிப்பை ஒரு கையால் அமுக்கி, கொடியில் மாட்டி விட்டார். சட்டை படபடவென்று அடித்துக்கொண்டது, கிளிப் விடவில்லை. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். "இத கண்டுபுடிச்சவன் ஊட்டுத் துணி எத்தினி தடவ காத்துல போயிருக்கும், சொல்லு. போவ போவ, எடுத்தாந்து எடுத்தாந்து போட்டிருப்பான். அப்பறந்தான இது வந்திருக்கும்?"

அரிவாள்மனைக்கு இரண்டு கை வேண்டும். கத்திக்கு ஒன்று போதும், மீனை யாராவது பிடித்துக்கொண்டால். அந்த யாராவதைத் தேடித்தான் பூவாயி மார்க்கெட்டுக்குத் திரும்பி வந்தார். அவருடைய இடம் போகாமல் இருந்தது. பக்கத்து இடத்துச் செல்வாம்பாள் தன் கூடையை அங்கே வைத்து, உட்கார வந்தவர்களையெல்லாம் விரட்டியிருந்தார்.

முதலில் பலகையில் ஆணி அடித்து மீனை அதில் குத்தி வைத்தார். வால் கிழிந்தது, வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். கயிற்றால் கட்டிப் பார்த்தார். முடிச்சுப் போடவே இன்னொரு கை வேண்டியிருந்தது. பிறகு நெல்லித்தோப்பில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சிலம்பரசனிடம் போய், பழைய சைக்கிள் கேரியரின் கிளிப்பைப் பலகையில் பொருத்தித் தரச் சொன்னார். மீன் வழுக்கியது. உள்ளே டியூப் ரப்பர் ஒட்டினார்கள், அதுவும் வழுக்கியது. சோடா மூடிகளைப் பல் வெளியே தெரியும்படி வைத்து அடித்த பிறகுதான் வால் நின்றது.

ஆனால் கிளிப்பைத் திறந்து பிடித்துக்கொண்டே மீனை உள்ளே வைக்க ஒரு கையால் முடியவில்லை. செல்வாம்பாள்தான் ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து திறந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அவரால் எழ முடியவில்லை. பூவாயி தானே முயன்றதில் மீன் துள்ளிப்போய்ச் சாக்கடையில் விழுந்தது. மீன்காரர் வேறு மீன் கொடுத்தார். மீனுக்குரிய அம்மாள் அதைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். "திட்டியிருந்தா தாங்கியிருப்பேன்" என்றார் பூவாயி. மறுநாளிலிருந்து பூவாயி மார்க்கெட்டுக்கு வரவில்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரிக்கு மட்டும் போய்க்கொண்டிருந்தார். அங்கே, இரண்டு கையிலும் பஞ்சும் துணியுமாக வந்த நர்ஸ் குப்பைத் தொட்டியின் மிதியைக் காலால் அமுக்கினார். மூடி திறந்தது; போட்டார்; மூடிக்கொண்டது. "குப்பத் தொட்டிக்குக் கூட கால வச்சிக்கிறான்யா! நான் இத்தினி மாசமா கையையே பாத்துக்கினு இருந்திருக்கேன்" என்று சிலம்பரசனிடம் போய் நின்றார். அவர் கிளிப்பின் பின்பக்கம் ஒரு கம்பியை நீட்டி, சைக்கிள் பிரேக் கம்பியால் அதைக் காலடி மிதியோடு இணைத்தார். மிதி இரண்டு முறை பிடுங்கிக்கொண்டது. மூன்றாவதுதான் இப்போது இருப்பது.

எல்லாம் சரியாகிவிடவில்லை. நெத்திலி, மத்தி போன்ற பொடி மீன்களை அவரால் வெட்ட முடியாது. மற்றவர்கள் மூன்று மீன் முடிக்கும் நேரத்தில் அவர் ஒன்று முடிக்கிறார். அவசரக்காரர்கள் நிற்பதில்லை. மதியத்துக்குள் இடுப்பு விட்டுப்போகிறது. நின்று வெட்டி வாங்கிக்கொண்டு போகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் போதும் என்கிறார்.

போன வாரம் செல்போனோடு ஓர் இளைஞர் வந்தார். "விடாமுயற்சி பத்தி நாலு வார்த்த சொல்லுங்கம்மா, வீடியோவுல போடுறேன்" என்றார். பூவாயி கத்தியை நிறுத்தவில்லை.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. கிளிப்புக்குப் புடிக்கிற வேல. எனக்கு வெட்டுற வேல. அலுப்பாத்தான் இருக்குது. அலுத்துக்கினே செய்றதுதான். கொஞ்சம் நவுறு, வெளிச்சத்த மறைக்கிற."

இளைஞர் நகர்ந்தார். கூட்டம் கலைந்து, மார்க்கெட் தரையில் தண்ணீர் அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். சரிதாவின் போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசினார். "சாப்ட்டேன்... ம்... கையி? இருக்குது." போன் மடியில் விழுந்தது. அவர் வாளியைக் காலால் இழுத்து, சோப்பை எடுத்து, காலையிலிருந்து எந்த மீனையும் தொடாத வலது கையைத் தூக்கி முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, விரல் விரலாகக் கழுவத் தொடங்கினார்.