ஒன்பதாம் வகுப்பும் தண்ணீர் டிரம்மும்

பிள்ளைகளே கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும், ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும் என்று ஒரு பயிற்சியில் சொல்லி அனுப்பினார்கள். என்னிடம் போய் வாயை மூடச் சொல்வது, ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு காலியாக இருக்கும்போது நின்றுகொண்டு வா என்பது மாதிரி. இருந்தாலும் ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் முயன்று பார்த்தேன்.

விளையாட்டு விழாவில் எங்கள் வகுப்புக்குக் குடிதண்ணீர்ப் பொறுப்பு. "நீங்களே திட்டம் போடுங்க. இஷ்டம்போல குழுவாப் பிரிஞ்சு உக்காருங்க" என்றேன். சொல்லிவிட்டு, பெரிய கல்வியாளர் முகம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

பெஞ்சு நகர்ந்த சத்தம் அடங்கியதும் அந்த முகம் கழன்று விழுந்தது. பிள்ளைகள் தெருத் தெருவாகப் பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் தெரு என்றால் சாதி. தினமும் தோளில் கை போட்டுக்கொண்டு திரியும் இருவர்கூட எதிரெதிர் மூலையில் இருந்தார்கள். இந்தப் பக்கத்துக்காரனாக இருந்தும் 'இஷ்டம்போல' என்று சொன்னேன் பாருங்கள், அதற்கே எனக்குத் தனியாக ஒரு பயிற்சி வைக்கலாம்.

ஒருவன் எழுந்தான். எண்ணூறு மீட்டர் ஓடுகிறவன்.

"சார், ரெண்டு டிரம் வச்சிருவோம். ஒண்ணு எங்க தெருவுல இருந்து நாங்களே கொண்டாரோம்."

"ரெண்டாவது எதுக்குலே?" எதிர்ப்பக்கத்திலிருந்து ரிலே ஓடும் பெண் கேட்டாள். "அம்புட்டு தாகமா ஒனக்கு?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

"எங்க ஆளுகளுக்கு" என்றான்.

சிரிப்பு அறுந்தது. இங்கே ஒரு வார்த்தை தடித்தால் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அடிதடி. மறுநாள் பெரியவர்கள் பைக்கில் வந்து இறங்குவார்கள். மைதானத்தில் இரண்டு டிரம் நின்றாலோ, எழுதி ஒட்டாமலே யாருக்கு எது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரிந்துவிடும். இந்த மாதிரி நேரத்தில் ஒரு ஜோக் அடித்துத் தப்பிப்பது என் வழக்கம்.

"ஒண்ணுல சர்பத் கலக்கிருவோமா?" என்றேன்.

அது எடுபடவில்லை.

"ஓட்டுக்கு விடுங்க சார்" என்றது ஒரு குரல். தலையை எண்ணினால் எந்தத் தெரு ஜெயிக்கும் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இதுக்கு ஓட்டு கிடையாது. ஒரே டிரம்தான். அதை எங்க வைக்க, யாரு நிரப்பன்னு மட்டும் முடிவு பண்ணுங்க."

அதட்டலாகச் சொல்ல நினைத்தேன்; ஜலதோஷம் பிடித்தவன் குரலில்தான் வந்தது. அந்தப் பெண்தான் எழுந்தாள்.

"அப்ப இந்தக் குழு வேண்டாம் சார். பி.டி. சார் பிரிச்ச ரிலே டீம்படி உக்காருதோம். அவிய ஓட்டத்த மட்டும் பாத்துத்தான பிரிச்சாவ."

பெஞ்சுகள் மறுபடி நகர்ந்தன, இந்தத் தடவை மெதுவாக. யார் தண்ணீர் பிடிப்பது, யார் டம்ளர் கழுவுவது என்றெல்லாம் பேசி முடித்தார்கள். அந்தப் பையன் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்தான்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகும் ராஜபாளையம் பஸ்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டு, மம்சாபுரம் பஸ் வெளியூர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பும் வரை ஸ்டாண்டிலேயே நின்றேன். சும்மா நின்றால் சந்தேகப்படுவார்களே என்று பஜ்ஜி பஜ்ஜியாகத் தின்றேன். அடிதடி எதுவும் நடக்கவில்லை. ராத்திரி வயிறு கெட்டது பயத்தாலா பஜ்ஜியாலா என்று சொல்ல முடியாது.

விழாவன்று வேப்பமரத்தடியில் ஒரே டிரம். அந்தப் பெண் டம்ளரோடு பக்கத்தில் நின்றாள். அந்தப் பையன் வீட்டிலிருந்தே தண்ணீர் பாட்டில் கொண்டு வந்திருந்தான். வெயில் ஏற ஏற, என் கண் தானாக அந்தப் பாட்டிலுக்கே போனது. எண்ணூறு மீட்டருக்கு முன்பே அது காலி.

ஓடி முடித்து மூச்சிரைக்க வந்தவன் டிரம்முக்குக் கொஞ்சம் தள்ளியே நின்றான்.

"குடிக்கதுன்னா வா, இல்லாட்டி வழிய விடு. பின்னால ஆள் நிக்கி" என்றாள் அவள்.

யார் யார் பார்க்கிறார்கள் என்று சுற்றும் முற்றும் பார்த்தான். அவன் கண்ணில் முதலில் பட்டது நான். பார்க்கிறவர்களில் ஒரு ஆளாவது குறையட்டும் என்று நான் சட்டென்று திரும்பிக் குனிந்து, நன்றாகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்து, மறுபடி கட்ட ஆரம்பித்தேன். முதுகுக்குப் பின்னால் டிரம்மின் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. திறந்தது அவனா, அவனுக்குப் பின்னால் நின்றவனா, தெரியவில்லை. லேஸ் கட்ட எனக்கு ரொம்ப நேரம் ஆயிற்று.